காத தூரம் ஓட வேண்டிய கணக்கா இது?

"கணக்கு என்றாலே என் மகன் காத தூரம் ஓடுகிறான்!" பெற்றோர் பலரிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு இது. காதம் என்பது நம் முன்னோர் நெடுவழியை அளக்கக் கையாண்ட அளவையாகும். அப்பிள்ளை எத்தனை வேகத்தில் ஓடுகிறான், ஒரு காதத்தைக் கடக்க அவனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அவன் எதனைக் கண்டு ஓடுகிறானோ, அதே கணக்கு அங்கும் வந்து நிற்கும்!

தூரம், வேகம், நேரம் ஆகிய மூன்றையும் பிணைத்து வரும் கணக்குகள் பள்ளிப் பாடத்தோடு முடிந்துவிடுவன அல்ல. வங்கிப் பணிக்கும் இரயில்வே பணிக்கும் நடைபெறும் தேர்வுகளிலும் அவை தலைகாட்டுகின்றன. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் பிழையறச் செய்யும் பிள்ளைகள்கூட, "ஒருவர் காலை 6 மணிக்குப் புறப்பட்டு" என்று தொடங்கும் வினாவைக் கண்டதும் பேனாவை மூடி வைத்துவிடுகின்றனர். ஏன் இந்த அச்சம்? இதனைப் போக்க வழி உண்டா? நீண்ட காலம் கணித ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில், நான் கண்டதையும் கற்றதையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

105 கிலோமீட்டர் நடந்த பெண்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுது. அடுத்த வீட்டுப் பெண்மணி தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பத்தாம் வகுப்பில் படிக்கும் அப்பெண்ணின் கையில் அரையாண்டுத் தேர்வின் கணித விடைத்தாள். நூற்றுக்கு 22 மதிப்பெண்.

"காக்கா, மற்றப் பாடமெல்லாம் இவளுக்கு நல்லா வருது. இந்தக் கணக்குதான் ஏறவே மாட்டேங்குது. பரீட்சையில தவறிட்டா இத்தோட படிப்பை நிறுத்திடலாம்னு இவ வாப்பா சவூதியிலிருந்து போன்ல சொல்லிட்டாங்க" என்றார் தாய். மகள் தலை நிமிரவில்லை.

விடைத்தாளைப் புரட்டினேன். ஒரு கணக்கின் மீது பெரிய சிவப்புக் கோடு. வினா இதுதான்: "ஒரு மாணவி மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நடந்தால் பள்ளிக்கு 10 நிமிடம் தாமதமாகச் சேர்கிறாள். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் 5 நிமிடம் முன்னதாகச் சேர்கிறாள். வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே உள்ள தூரம் யாது?"

அப்பெண் 3-ஐயும் 4-ஐயும் கூட்டி 7 என்றும், 10-ஐயும் 5-ஐயும் கூட்டி 15 என்றும் எழுதி, இரண்டையும் பெருக்கி 105 கி.மீ. என்று விடை தந்திருந்தாள்.

"ஏம்மா, நீயும் தினமும் நடந்துதானே பள்ளிக்கூடம் போகிறாய்? 105 கிலோமீட்டர் நடந்து போய் எப்போது திரும்பி வருவாய்?" என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

பிறகு அவளைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு தாளில் சமன்பாடு ஒன்றை எழுதித் தந்து தீர்க்கச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் சரியாகத் தீர்த்தாள். "மணிக்கு 4 கி.மீ. நடப்பவர் 2 கி.மீ. செல்ல எவ்வளவு நேரம் ஆகும்?" என்று வாய்மொழியாகக் கேட்டேன். "அரைமணி, மாமா" என்றாள் தயங்காமல். அப்படியானால் குறை எங்கே?

அவளுக்குச் சமன்பாடு தெரியும். நடையும் நேரமும் தெரியும். ஆற்றின் இரு கரைகளும் உறுதியாகவே இருந்தன. நடுவே பாலம் மட்டும் இல்லை. வாசகத்தைச் சமன்பாடாக மாற்றும் வித்தையை எவரும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. பாலம் இல்லாததால், வினாவில் கண்ட எண்களையெல்லாம் கூட்டியும் பெருக்கியும் நீந்த முயன்றிருக்கிறாள்.

என் பங்குக் குற்றம்

இதற்காகப் பிறரைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் பாலம் கட்டித் தரவில்லை. "எதிரெதிரே வந்தால் வேகங்களைக் கூட்டு, ஒரே திசையில் சென்றால் கழி" என்று கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்வித்தேன். ஓர் ஆண்டு தேர்வில், ஒருவர் மற்றவருக்கு ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படுவதாக வினாவைச் சற்றே திருப்பிக் கேட்டிருந்தனர். என் வகுப்பில் பெரும்பாலோர் அக்கணக்கில் சறுக்கினர். மனப்பாடம் செய்த வாய்பாட்டில் 'கழித்துப் புறப்படுதல்' இல்லையே!

அந்த வாய்பாடு பிழையானதன்று. கி.பி. 499-இல் ஆரியபட்டர் தாம் இயற்றிய 'ஆரியபட்டீயம்' என்னும் நூலிலேயே இதனை விதியாகத் தந்துள்ளார். எதிர்த் திசைகளில் செல்லும் இரண்டிற்கு இடைப்பட்ட தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் செல்பவற்றிற்கு வேகங்களின் வேறுபாட்டாலும் வகுத்தால் அவை சந்திக்கும் நேரம் கிடைக்கும் என்பது அவ்விதி. காரணம் அறிந்தவர்க்கு அது கைவிளக்கு. காரணம் அறியாதவர்க்கோ அது கண்ணைக் கட்டிக்கொண்டு பிடிக்கும் ஊன்றுகோல்.

எனவே விதியை மனனம் செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. எது தெரியாது? எது தெரியும்? எது எதற்குச் சமம்? இவற்றுள் மூன்றாவதே உயிர்நாடி. பயணக் கணக்குகள் எத்தனை வேடம் புனைந்து வந்தாலும், அவற்றுள் ஒளிந்திருக்கும் சமம் பெரும்பாலும் மூன்று வகைகளுள் ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொன்றாகக் காண்போம். தூரம் என்பது வேகத்தை நேரத்தால் பெருக்கக் கிடைப்பது என்ற ஒன்றை மட்டும் நினைவில் கொண்டால் போதும். அறியாத எண்ணை 'அ' என்று குறிப்போம்.

முதல் வகை: இரண்டும் சேர்ந்தால் முழுமை

சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே சாலைத் தொலைவு ஏறத்தாழ 330 கி.மீ. காலை 6 மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திருச்சி நோக்கிப் புறப்படுகிறது. அதே நேரத்தில் திருச்சியிலிருந்து ஒரு வேன் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சென்னை நோக்கி வருகிறது. எப்போது சந்திக்கும்?

ஒரு கோடு வரைந்து, இரு முனைகளிலும் ஊர்ப் பெயர்களை எழுதுங்கள். சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி. கார் கடந்த துண்டும் வேன் கடந்த துண்டும் சேர்ந்தால் முழுக் கோடு. படமே சமன்பாட்டைச் சொல்லிவிடுகிறது! 'அ' மணி நேரம் கழித்துச் சந்திப்பதாகக் கொண்டால்,

60அ + 50அ = 330
110அ = 330
அ = 3

காலை 9 மணிக்குச் சந்திக்கும். கார் அதற்குள் 180 கி.மீ. கடந்து, விழுப்புரத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே வந்திருக்கும். வேன் கடந்தது 150 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 330. விடை சரியே.

வேகங்களை ஏன் கூட்டினோம் என்பது இப்போது புலனாகிறதல்லவா? வேன் ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டால் என்ன செய்வது? வேன் ஓடிய நேரத்தை (அ – 1) என்று எழுதினால் முடிந்தது. புதிய விதி தேவையில்லை.

இரண்டாம் வகை: இருவர் கடந்ததும் ஒரே தூரம்

வாப்பா ஊருக்குச் செல்ல, 3 கி.மீ. தொலைவிலுள்ள பேருந்து நிலையத்திற்கு நடந்தே புறப்படுகிறார். அவர் நடை மணிக்கு 5 கி.மீ. அவர் போய் 20 நிமிடம் கழித்து, மூக்குக் கண்ணாடியை மேசை மீதே வைத்துவிட்டுச் சென்றதை உம்மா காண்கிறார். மகன் அதனை எடுத்துக்கொண்டு மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சைக்கிளில் விரைகிறான். வாப்பா நிலையத்தை அடையுமுன் பிடித்துவிடுவானா?

இங்கே எது சமம்? மகன் வாப்பாவைத் தொடும் கணத்தில், இருவரும் வீட்டிலிருந்து கடந்து வந்த தூரம் ஒன்றே. மகன் சைக்கிள் ஓட்டிய நேரம் 'அ' மணி என்றால், வாப்பா நடந்த நேரம் அதைவிட 20 நிமிடம் அதிகம். இங்கேதான் பல பிள்ளைகள் 'அ + 20' என்று எழுதி இடறுகின்றனர். வேகம் மணிக்கணக்கில் இருக்கும்போது நேரமும் மணிக்கணக்கிலேயே இருத்தல் வேண்டும். 20 நிமிடம் என்பது மூன்றில் ஒரு மணி. ஆகவே,

15அ = 5(அ + 1/3)
15அ = 5அ + 5/3
10அ = 5/3
அ = 1/6

ஒரு மணியில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 நிமிடம். அதற்குள் மகன் கடப்பது இரண்டரை கி.மீ. வாப்பா 30 நிமிடம் நடந்து கடந்ததும் இரண்டரை கி.மீ. நிலையத்திற்கு அரை கிலோமீட்டர் முன்பாகவே கண்ணாடி கைக்கு வந்துவிடும்!

முறிந்ததைச் சேர்க்கும் கலை

இவ்வகையிலேயே இன்னொரு கணக்கு. இதற்கு நாம் பாக்தாத் நகருக்குச் செல்வோம். அந்நகரின் ஊடே ஓடும் திஜ்லா நதியில், அதாவது டைக்ரிஸ் ஆற்றில், ஒரு படகு செல்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீரோட்டத்தின் வேகம் மணிக்கு 3 கி.மீ. நீரோட்டத்தோடு ஓரிடம் சேர 2 மணி நேரம். அதே வழியில் எதிர்த்துத் திரும்ப 3 மணி நேரம். நிலைநீரில் படகின் வேகம் என்ன?

படகின் வேகம் 'அ' என்றால், போகும்போது ஆறு உதவுவதால் அ + 3. திரும்பும்போது ஆறு தடுப்பதால் அ – 3. போன தூரமும் வந்த தூரமும் சமம்.

2(அ + 3) = 3(அ – 3)
2அ + 6 = 3அ – 9

வலப்பக்கத்தில் 9 குறைந்து நிற்கிறது. அந்தக் குறையை நிரப்ப இருபுறமும் 9-ஐச் சேர்க்கிறோம்.

2அ + 15 = 3அ

இப்போது இருபுறமும் எதிரெதிரே நிற்கும் 2அ-வை நீக்குகிறோம்.

15 = அ

படகின் வேகம் மணிக்கு 15 கி.மீ. போகும்போது மணிக்கு 18 கி.மீ. வீதம் 2 மணியில் 36 கி.மீ.; வரும்போது 12 கி.மீ. வீதம் 3 மணியில் 36 கி.மீ. சரியாக அமைந்துவிட்டது.

கணக்குக்காக பாக்தாத் வரை சென்றதற்குக் காரணம் உண்டு. நாம் இப்போது செய்த இரு செயல்களுக்கும் பெயர் சூட்டி, அவற்றையே தம் நூலுக்குத் தலைப்பாக வைத்த பேரறிஞர் வாழ்ந்த நகரம் அது. கலீஃபா மஃமூன் ஆட்சி செய்த கி.பி. 813 – 833 காலப்பகுதியில், முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி அந்நூலை எழுதினார். குறைந்து நிற்பதை நிரப்பிச் சீராக்குவது 'அல் ஜப்ர்'. இருபுறமும் உள்ளவற்றை எதிரெதிரே வைத்து நேர்செய்வது 'அல் முகாபலா'. அந்த 'அல் ஜப்ர்' என்னும் சொல்லே பின்னர் ஐரோப்பிய மொழிகளில் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. 1145-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் செஸ்டர் நகர ராபர்ட் என்பவர் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார்.

ஜப்ர் என்னும் அரபுச் சொல்லுக்கு முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுதல் என்ற பொருளும் உண்டு. ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியரை முற்காலத்தில் 'அல்ஜெப்ரிஸ்டா' என்றே அழைத்தனர். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சூட்டும் அப்துல் ஜப்பார் என்னும் பெயரிலும் இதே வேர்ச்சொல் உள்ளது. அல்ஜீப்ரா என்பது ஏதோ அந்நிய நாட்டுப் பூதம் என்று அஞ்சும் பிள்ளைக்கு இதனை எடுத்துச் சொல்லலாம்.

அல் குவாரிஸ்மி பயணக் கணக்குகளை முன்னிட்டு அந்நூலை எழுதவில்லை. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வாணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகிய அன்றாடத் தேவைகளில் மக்களுக்குக் கைகொடுப்பதே தம் நோக்கம் என முன்னுரையில் குறிப்பிடுகிறார். நூலின் பெரும்பகுதி சொத்துப் பங்கீட்டுக் கணக்குகளே. மற்றொரு செய்தி இதனினும் வியப்பானது. அந்நூலில் இன்றைய குறியீடுகள் எவையும் இல்லை. கூட்டல் குறியில்லை, சமக் குறியில்லை. நாம் 'அ' என்று எழுதும் அறியா எண்ணை அவர் 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்று சொல்லாலேயே குறித்தார். கணக்கு முழுவதும் உரைநடை! வாசகத்தைக் கண்டு அஞ்சும் நம் பிள்ளைகள் சிந்திக்க வேண்டிய செய்தி இது. அல்ஜீப்ரா பிறந்ததே வாசகமாகத்தான்.

மூன்றாம் வகை: நேரங்களின் வேறுபாடு

இனி அப்பெண்ணின் கணக்கிற்குத் திரும்புவோம். அன்று மாலை அவளிடம் நான் எதனையும் தீர்த்துக் காட்டவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கேட்டேன்.

"எதும்மா தெரியாது?"

"தூரம்." அதற்கு 'அ' என்று பெயரிட்டாள்.

"எது தெரியும்?"

"இரண்டு வேகமும் தெரியும். அப்படின்னா நேரம், மெதுவாப் போனா அ/3, வேகமாப் போனா அ/4."

"எது எதற்குச் சமம்?"

நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பின் தாளில் ஒரு கோடு வரைந்து, நடுவே 'மணி அடிக்கும் நேரம்' என்று எழுதினாள். அதற்கு 5 நிமிடம் முன்பாக ஒரு புள்ளி. 10 நிமிடம் பின்பாக ஒரு புள்ளி. "மாமா, இரண்டுக்கும் நடுவில் 15 நிமிஷம்! கால் மணி!" என்று கூவினாள்.

அ/3 – அ/4 = 1/4
அ/12 = 1/4
அ = 3

105 கிலோமீட்டர் தொலைவில் இருந்த பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு வந்து சேர்ந்தது. மணிக்கு 3 கி.மீ. என்றால் 60 நிமிடம், 4 கி.மீ. என்றால் 45 நிமிடம், இடைவெளி 15 நிமிடம் என்று அவளே சரிபார்த்தாள்.

சராசரி என்னும் சறுக்குமரம்

ஒரு பொறியைப் பற்றி எச்சரித்தாக வேண்டும். "போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 40 கி.மீ. சராசரி வேகம் என்ன?" என்றால், படித்த பெரியவர்களும் "50" என்று சட்டென்று கூறிவிடுகின்றனர். தூரம் 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். போக 2 மணி, வர 3 மணி. ஆக 240 கி.மீ. கடக்க 5 மணி நேரம். சராசரி 48 கி.மீ. மட்டுமே. மெதுவாகச் சென்ற பயணம் அதிக நேரத்தை எடுத்துக்கொள்வதால், சராசரி அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பதே சராசரி வேகம். வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பதன்று.

பெற்றோர் கவனத்திற்கு

"எனக்கும் சின்ன வயசில் கணக்கு வராது" என்று பிள்ளையின் முன் கூறாதீர்கள். அது அவனுக்கு ஆறுதலாக அமைவதில்லை. தோல்விக்கு முன்கூட்டியே தரும் அனுமதியாகிவிடுகிறது. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர நாம் பட்டம் பெற்றிருக்க வேண்டுவதில்லை. நான் குறிப்பிட்ட அந்தத் தாய் எட்டாம் வகுப்போடு நின்றவர். அன்றிலிருந்து அவர் அடுப்படியில் வேலை செய்துகொண்டே மகளிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டு வந்தார். எது தெரியாது? எது தெரியும்? எது எதற்குச் சமம்? விடை கண்டபின் நான்காவதாக ஒன்றையும் அவராகவே சேர்த்துக்கொண்டார்: "இது நடக்கக்கூடிய காரியமா புள்ள?" கணித ஆசிரியன் எவனும் இதைவிடச் சிறந்த சரிபார்ப்பைச் சொல்லித்தர இயலாது. நடந்து செல்பவர் மணிக்கு 90 கி.மீ. கடப்பதாக விடை வந்தால், தவறு எங்கோ இருக்கிறது என்பதை அறிய அல்ஜீப்ரா தேவையில்லை.

அப்பெண் பொதுத் தேர்வில் கணக்கில் 61 மதிப்பெண் பெற்றாள். ஊர் மெச்சும் மதிப்பெண் இல்லைதான். ஆயினும் அவள் படிப்பு நிற்கவில்லை; பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். பாலம் ஒன்று இல்லாத ஒரே காரணத்தால் கரையிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் நம் தெருக்களில் இன்னும் எத்தனை பேரோ! அவர்களுக்கு அறிவு குறைவு என்று தீர்ப்பு வழங்குமுன், பக்கத்தில் அமர்ந்து ஒரு கோடு வரையச் சொல்வோமாக.

வீட்டுக்கு ஒரு கணக்கு

இன்றிரவு உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து இதனை முயன்று பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ஓர் இரயில், நடைமேடையில் நிற்கும் ஒருவரை 9 வினாடிகளில் கடந்து செல்கிறது. அதே வேகத்தில் அது 250 மீட்டர் நீளமுள்ள நடைமேடை முழுவதையும் கடக்க எத்தனை வினாடிகள் ஆகும்? மனிதரைக் கடக்கும்போது இரயில் செல்லும் தூரம் அதன் சொந்த நீளமே. நடைமேடையைக் கடக்கும்போதோ, தன் நீளத்தோடு நடைமேடையின் நீளத்தையும் சேர்த்துக் கடக்கிறது. அலகுகளில் கவனம் தேவை!

(விடை: இரயிலின் நீளம் 150 மீட்டர், நடைமேடையைக் கடக்க ஆகும் நேரம் 24 வினாடிகள்.)